வெள்ளத்துக்குப் பொன்னாடை

பொன்னாடை என்பது தகுதியுள்ள ஒரு மனிதருக்குப் போர்த்துவதற்காக வாங்கப்படுவது என்றொரு நம்பிக்கை தமிழர் வாழும் இடமெங்கும் நிலவிவருகிறது. இது பிழை என்பதையும், இந்தப் பிழையால் விளைந்த தீங்குகள் கொஞ்சநஞ்சமல்ல என்பதையும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இங்கே பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. உண்மையில் பொன்னாடைதான் முதலில் வாங்கப்படுகிறது. தோள் பிறகே தேடப்படுகிறது. மடித்த பொன்னாடை ஒன்று ஒருவருடைய பையில் இருக்குமானால் அது அங்கே சும்மா கிடக்காது, அடிக்கொருதரம் கையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பொருத்தமான தோள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எதிரே வருவது எதுவோ அதைத் தோளாக்கிக்கொள்ளும்.

பாலைத்திணைத் தமிழ் மன்றத்தின் தலைவர் கதிர்வேங்கடம், வளைகுடா நாடொன்றில் கட்டடங்களுக்கு இரும்புச் சாரம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி நடத்துபவர், அரக்குச் சிவப்பில் சரிகைக் கரை போட்ட அப்படியொரு பொன்னாடையோடுதான் அந்த மலைப்பிளவுக்குள் இறங்கினார். இறங்குவதற்குக் காரணம் எதிர்மன்றம். பதாகையில் யார் படம் பெரிது என்ற கொள்கைப் பிரச்சினையில் உடைத்துக்கொண்டு போனவர்கள் தொடங்கிய அந்த எதிர்மன்றம், சென்ற ஆண்டு நகரத்தின் மிக உயர்ந்த கோபுரத்தின் உச்சி மாடியில் விழா நடத்திப் படம் பிடித்துப் போட்டுவிட்டது. அதற்கு மேலே வானம்தான் மிச்சம். ஆகவே கீழே போவதென்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

நகரத்திலிருந்து வெகுதூரத்தில், ஆள் நடமாட்டமில்லாத பாலைவன மலையொன்றில், மழைவெள்ளம் யுகயுகமாக அறுத்து உண்டாக்கிய பிளவு அது. மேலிருந்து பார்த்தால் பாறையில் கத்தியால் கீறிய கோடு, உள்ளே இறங்கினால் கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த ஆழம், சில இடங்களில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும், சில இடங்களில் நெஞ்சளவு பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும், நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு நாடா. மலையடிவாரத்து ஆட்டுக்காரர்கள் அதைக் 'கழுத்து' என்பார்கள். உள்ளே போனவர் வந்த வழியே திரும்ப முடியாது. ஒவ்வொரு செங்குத்திலும் பாறையில் அடித்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கோத்து இறங்கி, கீழிருந்து கயிற்றை உருவிக்கொண்டுவிட வேண்டும், அதன் பிறகு மேலே ஏற வழி கிடையாது. அடிவாரத்து ஊருக்கு வெளியேற மூன்று நாள் பிடிக்கும்.

இணைச்செயலாளர் வேதநாயகத்துக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அவர் நாசரேத்துக்காரர், குளிர்சாதனக் குழாய்களுக்கு வரைபடம் போடுபவர். இடுக்கான குழாய்க்குள் காற்று போகலாம், மனிதன் போகக்கூடாது என்பது அவருடைய தொழில்முறைக் கருத்து. ஆனால் மனைவி ஜெபக்கனி பெயர் கொடுத்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து, நாளெல்லாம் திறந்த வாய்களுக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, ஒருமுறையாவது முழுசாக உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"நீங்க வராட்டா வீட்ல கெடங்க. நான் திரும்பி வரலைன்னா நன்றியுரைல என் பேரையும் சேத்துக்கிடுங்க" என்றாள்.

அது குத்தல். மன்றத்தின் எல்லாக் கூட்டங்களிலும் நன்றியுரை வேதநாயகத்துடையது. அவர் எழுந்ததும் நாற்காலிகள் நகரும், செருப்புகள் தேடப்படும், குழந்தைகள் தூக்கப்படும். வருடத்துக்கு வருடம் சுருக்கி, இப்போது அவருடைய நன்றியுரை நான்கே வரி: தலைவருக்கு, சிறப்பு விருந்தினருக்கு, ஒலிபெருக்கி அமைத்தவருக்கு, வந்திருந்த உங்கள் அனைவருக்கும். கண்டக்டர் விசில் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். அந்த நான்கு வரியில் ஜெபக்கனி எந்நாளும் வந்ததில்லை.

வழிகாட்டி ஹமூத் அடிவாரத்து ஊரைச் சேர்ந்தவன். சிறுவயதில் அவன் வீட்டில் சமையல் செய்த காயல்பட்டினத்துக்காரரிடமிருந்து தமிழைக் கற்றுக்கொண்டவன் என்பதால் ஆண்களை அண்ணன் என்ற பொருளில் 'காக்கா' என்றும் பெண்களை அக்காள் என்ற பொருளில் 'லாத்தா' என்றும் கூப்பிடுவான். முதல் நாளே அவன் மேலே கையைக் காட்டினான். ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே, ஒரு முழுப் பேரீச்ச மரம் செருகிக்கொண்டு கிடந்தது.

"அதை யார் அங்க வச்சா?" என்று கேட்டார் கவிஞர் முகில்நேசன். அவர் ஒரு சிமெண்டுக் கிடங்கின் மேற்பார்வையாளர். புனைபெயர் அவரே வைத்துக்கொண்டது.

"தண்ணி வச்சிச்சு காக்கா. மழை எங்கேயோ பெய்யும். இங்கே வானம் நீலமா இருக்கும். தண்ணி மட்டும் வரும். வந்தா ஓட இடம் இல்லே."

"வானிலை அறிக்கை பாத்தாச்சுங்க. மழை கிடையாது" என்றார் திலகவதி. மகளிர் அணித் தலைவி, கோயமுத்தூர்க்காரர், பட்டிமன்ற நடுவர். அவர் சொன்னால் தீர்ப்பு. ஆறு பேரும் மரத்துக்கு அடியில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போனார்கள், குனிய வேண்டிய அவசியம் இல்லாதபோதும்.

இரண்டாம் நாள் நண்பகலில் பிளவு கொஞ்சம் விரிந்து ஒரு கூடம்போல ஆன இடத்தில் கூட்டம் தொடங்கியது. பதாகையை இரண்டு கல்லிடுக்கில் செருகிக் கட்டினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தைத் திலகவதி பாடினார். சுவர்கள் பின்பாட்டுப் பாடின. சிறப்பு விருந்தினராக ஒத்துக்கொண்டிருந்த தொழிலதிபர், கயிற்றின் படத்தைப் பார்த்ததும் முதுகுவலி என்று சொல்லி ஒதுங்கிவிட்டிருந்தார். ஆனால் வரவேற்புரை அதற்கு முன்பே எழுதப்பட்டது. எழுதியதைத் திருத்துவது கவிஞருக்கு வழக்கமில்லை. ஆகவே ஈர ஹெல்மெட்டோடு நின்று, கையை மேல்பக்கமாக நீட்டி, "எங்கள் அழைப்பை ஏற்று, மலை கடந்து, மணல் கடந்து, இதோ வந்துகொண்டிருக்கும் எங்கள் சிறப்பு விருந்தினரே, வருக, வருக, வருக!" என்று முழங்கினார்.

முதலில் காற்று வந்தது. குளிர்ந்த, மண் வாடையடிக்கும் காற்று, பதாகை உப்பியது. பிறகு பாறையே தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல ஒரு சத்தம். ஹமூத்தின் முகம் வெளுத்தது. அவன் வாயைத் திறந்தான், வந்த சொல் அரபியா தமிழா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்குள் மேல் வளைவில் வெள்ளம் திரும்பிவிட்டது. ஆளுயரத்துக்கு மேலே, காவி நிறத்தில், முகப்பில் முள்மரங்களும் ஒரு தகர டப்பாவும் செத்த ஆடொன்றும் உருள, சுவருக்குச் சுவர் நிரப்பிக்கொண்டு அது வந்தது. வேதநாயகம் ஜெபக்கனியின் இடுப்புப் பட்டையைப் பிடித்தார். அதைத் தவிர அவருக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை.

கதிர்வேங்கடத்துக்கு இருந்தது. கூட்டம் தொடங்கிய பிறகு, தாமதமாக, பெருஞ்சத்தத்தோடு, பரிவாரம் சூழ வருபவர் சிறப்பு விருந்தினர்தான் என்று அவருடைய கைகள் வாழ்நாளெல்லாம் கற்றிருந்தன. அவர் யோசிக்கவில்லை. கைகள் பைக்குள் போயின, பொன்னாடையை உதறின, இரண்டு முனையையும் பிடித்து முன்னால் இரண்டடி வைத்து, எம்பி, வெள்ளத்தின் மேல் போர்த்தின.

வெள்ளம் நின்றது.

கைகட்டி நின்றது என்று சொல்ல முடியாது, கை இல்லை. ஆனால் அந்த நிற்பில் ஓர் அடக்கம் இருந்தது. சுவர்போல நிமிர்ந்து, அரக்குச் சிவப்பு முகப்பில் வழிய, முள்மரங்கள் மெல்ல அசைய, அடுத்தது என்ன என்பதுபோல நின்றது.

யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் தப்பாயிற்று. நிசப்தம் நீளவும் வெள்ளம் முன்பக்கமாகச் சாய்ந்தது. முகப்பிலிருந்து ஒரு நாக்குத் தண்ணீர் புறப்பட்டு அவர்களுடைய கால்களைத் தட்டியது. ஜெபக்கனி வழுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கிய சத்தம் வேதநாயகத்துக்குக் கேட்டது.

"தலைவரே, பேசுங்க!" என்று கத்தினார் திலகவதி. "கூட்டம் நடக்குதுன்னு நெனச்சுத்தானுங்க நிக்குது! நிறுத்திப்போடாதீங்க!"

"அவையோர்களே!" என்றார் கதிர்வேங்கடம். "இந்தப் பொன்னான... நண்பகல் வேளையிலே..."

சாய்ந்த தண்ணீர் நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை முறையாகச் சொல்வதானால், நெருக்கடி தீர்க்கப்படவில்லை, நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. மரபு என்னவென்று ஐந்து தமிழருக்கும் தெரியும்: சிறப்பு விருந்தினர் கூட்டம் முடியும் வரை எழுந்து போகமாட்டார், கூட்டத்தை முடிப்பது நன்றியுரை. ஆகவே கூட்டம் முடியக்கூடாது. கூட்டம் நகரலாம், இடம் மாறலாம், பேச்சு மட்டும் அறுபடக்கூடாது. பதாகையை அவிழ்த்துக் கவிஞர் தோளில் போட்டுக்கொண்டார். அவர்கள் பத்தடி நடந்தார்கள். வெள்ளமும் மரியாதையான இடைவெளி விட்டுப் பத்தடி வந்தது. நின்றார்கள், நின்றது.

"காக்கா, நான் வெள்ளத்தைப் பாத்து ஓடியிருக்கேன், வெள்ளத்தைப் பாத்துப் பாறையிலே ஏறியிருக்கேன்" என்றான் ஹமூத். "வெள்ளத்தை நடக்க வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனது இல்லே."

"நன்..." என்று ஆரம்பித்தார் கதிர்வேங்கடம். அவன் தனக்குக் கயிற்றைப் பிடித்துக் கொடுத்ததற்கு மேடைப் பழக்கத்தில் வந்த சொல். கவிஞர் பாய்ந்து தலைவரின் வாயைப் பொத்தினார். பின்னால் தண்ணீர் ஒருமுறை குலுங்கியது.

அந்தக் கணத்திலிருந்து அச்சொல் தடைசெய்யப்பட்டது. தமிழர் வீட்டுக்குள் அதைப் புழங்குவதில்லை. அது மேடைக்கென்று வெளுத்து மடித்து வைத்திருக்கும் சொல். ஆனாலும் தடை வந்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் செய்ததெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. இடுக்கில் கை நீட்டியதற்கு, தன் பிஸ்கட்டைப் பாதி பிய்த்துக் கொடுத்ததற்கு, வழுக்கும் இடத்தில் தன் காலைப் படியாக வைத்ததற்கு, அது தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போயிற்று. திரும்பிப் போகும் ஒவ்வொரு முறையும் வேதநாயகம் பின்னால் வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார், ஏனென்றால் அந்தச் சொல் மன்றத்தில் யாருடைய பொறுப்பு என்பதை மற்ற நால்வரும் மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

கவிஞர் பேசினார். வாழ்நாளெல்லாம் தலைவரிடமிருந்து 'நேரமாகிறது' என்ற துண்டுச் சீட்டு வாங்கியே பழகியவர், அன்று செங்குத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டும் பேசினார், பச்சைக் குட்டையில் நீந்திக்கொண்டும் பேசினார், சுவர்களுக்கிடையில் மூச்சை உள்ளிழுத்து நுழையும்போது மட்டும் ஒற்றை எழுத்துகளாகப் பேசினார். தன் கவிதைகளைச் சொன்னபோது தண்ணீர் கொதித்தது. அதைக் கைதட்டல் என்று அவரும் வேறுவிதமாக மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அன்றிரவு முறை வைத்துப் பேசி முறை வைத்துத் தூங்கினார்கள். தலைவர் மன்ற வரலாற்றைச் சொன்ன வேளையில் வெள்ளமும் கண்ணயர்ந்து ஒரு முழம் வடிந்தது.

விடிந்தபோது பயம் போகவில்லை, ஆனால் அதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. திலகவதி வெள்ளத்தின் ஓரத்தில் தண்ணீர் மொண்டு, வடிகட்டி, டீ போட்டார். செத்த ஆட்டை ஒதுக்கி வைக்கும்படி யாராவது சொல்லலாமா, அது விருந்தினரின் தனிப்பட்ட விஷயமா என்று ஆலோசனை நடந்தது. ஹமூத் தன் ஊர் வழக்கப்படி விருந்தாளிக்குச் சின்னக் கோப்பையில் காப்பி ஊற்றி வைத்தான், தண்ணீர் அதை எடுத்துக்கொண்டது, மறுபடி ஊற்றினான்.

"போதும்னா கோப்பையை ஆட்டிக் காட்டணும். அதுவரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கணும். இவர் கோப்பையையே முழுங்கிட்டார் லாத்தா."

ஜெபக்கனியின் கணுக்கால் பனங்காயளவு வீங்கியிருந்தது. ஹமூத்தும் கவிஞரும் கயிறுகளைச் சுமக்க வேண்டியிருந்ததால், வேதநாயகம் அவளை முதுகில் தூக்கிக்கொண்டார். பேச ஆளில்லை, எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. பின்னால் தண்ணீர் முனக ஆரம்பித்தது.

"பட்டிமன்றம்!" என்றார் திலகவதி கரகரத்த குரலில். "இல்லறத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவரா, மனைவியா? மனைவிதான் என்று வாதிட ஜெபக்கனி அவர்களை அழைக்கிறேன்."

"நடுவர் அவர்களே" என்றாள் ஜெபக்கனி, கணவரின் காதுக்குள். "என் எதிரணிக்காரர் ஊர்ல எல்லாருக்கும் நல்லவரு. மைக் செட்டு ஆளுக்கு ஒரு கும்பிடு, நாற்காலி அடுக்குனவனுக்கு ஒரு கும்பிடு. அந்தச் சட்டைய இஸ்திரி போட்டு மேடைக்கு அனுப்புனவ பின்வரிசைல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பா. பேரு வருமா வருமான்னு. வந்ததில்ல. விட்டுக்குடுத்தாச்சு."

"ஏளா, நான் ஒன்னத் தூக்கிட்டு நடக்கேன்" என்றார் வேதநாயகம் மூச்சு வாங்க.

"பாத்தீங்களா நடுவர் அவர்களே, ஒரு தடவ தூக்குனதுக்குக் கணக்குச் சொல்லுதாரு. நான் இருவது வருசமா இவர் கோவத்தத் தூக்கிட்டு நடக்கேன்."

வெள்ளம் முனகலை நிறுத்தியிருந்தது. கவிஞருக்குக் கொதித்ததுபோல் இல்லாமல், தகடுபோலத் தட்டையாக, ஒரு சுருக்கமில்லாமல் கேட்டுக்கொண்டு வந்தது. வேதநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. தன் தரப்பை வாதிட வாயைத் திறந்தவர், தன் பக்கம் சொல்ல எதுவுமில்லை என்பதை அங்கேதான், முதுகில் அவள் பாரத்தோடு, கண்டுகொண்டார். அவளே தொடர்ந்து பேசினாள். நடுவர் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிகழ்ச்சி முடிந்துவிடும்.

பிற்பகலில் பிளவு திடீரென்று முடிந்து வெளிச்சமாயிற்று. கடைசிச் செங்குத்து அதுதான்: நீளமான ஒரே இறக்கம், அதன் அடியில் வறண்ட ஓடை, ஓடைக்கரையில் ஆட்டுப் பட்டிகள், பேரீச்ச மரங்கள், மண் நிற வீடுகள். ஹமூத் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தான். வாசலில் துணி காயும் வீட்டைக் காட்டினான்.

"அது எங்க உம்மா வீடு. ஓடைக்கு ஒட்டினாப்போலே. இவரைப் பின்னாலே கூட்டிக்கிட்டு அங்கே போக ஏலாது காக்கா."

கவிஞர் திலகவதியிடம் பேச்சை ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து பேரும் தாழ்ந்த குரலில் விவாதித்தார்கள். கூட்டத்தை முடிக்காமல் இறங்கினால் விருந்தினர் ஊருக்குள் வருவார். முடித்தால், முடித்த கணமே அத்தனை தண்ணீரும் ஒரேயடியாக எழும். கயிற்றில் தொங்குபவர், அடியில் நிற்பவர், உம்மா வீடு எல்லாம் போகும். கயிற்றை அறுத்துவிட்டு இங்கேயே ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம் என்று தலைவர் சொன்னது பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வேதநாயகம் வெள்ளத்தைப் பார்த்தார். அதன் ஓரத்தில், சுவரோரமாக, ஒரு விரல் அகலத் தண்ணீர் லேசாக நெளிந்துகொண்டிருந்தது. அந்த நெளிவு அவருக்குத் தெரிந்த நெளிவு. பின்வரிசையில் பேருந்துக்கு நேரமானவரின் நெளிவு.

"கடைசியா வார அந்த உரைய நான் எந்திரிச்சு ஆரம்பிச்சதும் கூட்டம் என்ன செய்யும்?" என்றார். "யாரும் மொத்தமா எந்திரிச்சு ஓட மாட்டாங்க. ஓடுனா மரியாதை இல்லைல்லா. ஒருத்தர் போன் வந்த மாதிரி காதுல கைய வச்சுட்டுக் குனிஞ்சு போவாரு. அப்புறம் ரெண்டு பேரு. அப்புறம் பிள்ளையக் கூட்டிட்டு ஒரு அம்மா. நான் பாத்திருக்கேன், அத மட்டுந்தான் நான் பாத்திருக்கேன். உரை நீளமா இருந்தா எல்லாரும் கொஞ்சங்கொஞ்சமா நழுவிருவாங்க. முடிக்கதுக்குள்ள கூடம் காலியாயிரும். நீளமா இருக்கணும், அவ்வளவுதான்."

"எவ்வளவு நீளமா?" என்று கேட்டார் கவிஞர்.

எல்லோரும் பின்னால் பார்த்தார்கள். வெள்ளத்தின் வால் கண்ணுக்கு எட்டிய வளைவு வரை நின்றது. அதற்கு அப்பாலும் நின்றது.

"வே, உமக்கு நாலு வரிதானே தெரியும்" என்றார் தலைவர். அவர் தஞ்சாவூர்க்காரர்; வேதநாயகத்தின் ஊர் 'வே' போட்டுப் பேசியது பிரியத்தினால்.

ஜெபக்கனி இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கயிற்றில் மாட்டும்போது கணவரின் சட்டைக் காலரை மடித்துவிட்டாள். "நான் கடைசியா எறங்குதேன்" என்றாள். அது நடக்காது என்று இருவருக்கும் தெரியும், பேசுபவர்தான் கடைசி.

ஹமூத் முதலில் இறங்கி ஆடுகளையும் மனிதர்களையும் மேட்டுக்கு ஏற்ற ஓடினான். பிறகு ஜெபக்கனி, திலகவதி, தலைவர். கடைசியாகக் கவிஞர், தன் வரவேற்புரையின் இரண்டாம் பாகத்தைச் சொல்லிக்கொண்டே இறங்கினார். அவர் குரல் தேய்ந்துகொண்டே போய், கீழே காலூன்றியதும் நின்றது.

வேதநாயகம் தன்னை இரும்பு வளையத்தோடு இறுகக் கட்டிக்கொண்டு, வெள்ளத்தின் முன்னால், தலையைக் குனிந்து கும்பிட்டார்.

"அனைவருக்கும் மாலை வணக்கம். நன்றியுரை."

தண்ணீர் முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. விரல் அகல நெளிவு சுவரோரமாக, குனிந்து, அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில் நழுவி விளிம்புக்கு அப்பால் விழுந்தது. அவர் மூச்சு விட்டார். தலைவருக்கு நன்றி சொன்னார், ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி சொன்னார், இல்லாத ஒலிபெருக்கிக்கு. சிறப்பு விருந்தினரை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டார். வந்திருந்த அனைவருக்கும் சொன்னார், தெரிந்த வரிகள் முடிந்துவிட்டன. வலது பக்கம் ஒரு கை அகலத் தண்ணீர் கிளம்பியது.

அவர் கயிற்றுக்கு நன்றி சொன்னார், அதைத் திரித்தவர்களுக்கு, பாறையில் வளையம் அடித்தவருக்கு, ஹெல்மெட்டுக்கு, பிஸ்கட்டுக்கு. பள்ளிக்கூடத்தில் அளவுகோலால் அடித்த வாத்தியாருக்கும் அடிக்காத வாத்தியாருக்கும் நன்றி சொன்னார். விசா வாங்கித் தந்தவருக்கு, தராமல் இழுத்தடித்தவருக்கு, எதிர்மன்றத்துக்கு, அது உடைந்துபோனதற்கு. ஒவ்வொரு நன்றிக்கும் கொஞ்சம் தண்ணீர் நழுவியது, கணுக்காலளவு, முழங்காலளவு. கயிறு அவர் இடுப்பை அறுத்தது. வெயில் சுவரில் ஏறியது. குரல் உடைந்து காற்றாயிற்று. முள்மரங்கள் போயின, ஆடு போயிற்று, தகர டப்பா அவர் முழங்காலில் மோதிவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல ஒதுங்கிப் போயிற்று. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது பொன்னாடைக்குப் பின்னால் இன்னும் ஒரு வீடளவு தண்ணீர் உட்கார்ந்திருந்தது. அவரிடம் ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள்.

அவர் நிறுத்தினார். தண்ணீர் முன்பக்கமாகச் சாய்ந்தது. விளிம்பிலிருந்து கூழாங்கற்கள் உருண்டன. கீழிருந்து அவள் குரல், சின்னதாக, "ஏங்க!" என்றது.

"என் மனைவி ஜெபக்கனிக்கு" என்றார் வேதநாயகம்.

தண்ணீர் சாய்ந்தபடியே நின்றது.

"இந்த நாட்டுக்கு வந்த புதுசுல எனக்கு வேலை போயி சும்மா இருந்த மாசமெல்லாம், ஊருக்குப் போன் பண்ணும்போது, அவருக்கு லீவு, அதான் வீட்ல இருக்காருன்னு சொன்னதுக்கு. அந்த ஒத்த ரூம்ல ஏசி ரிப்பேரான கோடைல, ஈரத்துண்ட ஜன்னல்ல கட்டிட்டு ராத்திரி முழுக்க அதுல தண்ணி தெளிச்சதுக்கு. நான் தூங்கிட்டேன்னு நெனச்சா. நான் முழிச்சுத்தான் கெடந்தேன். கருகுன தோசைய எல்லாம் முதல்லயே அவ தட்டுல எடுத்துப் போட்டுக்கிட்டதுக்கு. எங்க அம்மை செத்தப்ப எனக்கு டிக்கெட் கெடைக்காம, அவ மட்டும் போயி, கல்லறைத் தோட்டத்துல அத்தன சனத்துக்கு நடுவுல போனத் தூக்கிப் பிடிச்சுட்டே நின்னதுக்கு. கை நடுங்குச்சு. படம் ஆடுச்சு. நான் போன ஒழுங்காப் பிடின்னு திட்டுனேன். அதுக்கு."

தண்ணீர் அவருடைய இரண்டு பக்கமும், ஒருவர் இருவராக, தலை குனிந்து போய்க்கொண்டிருந்தது. அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றை எடுத்தால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. இருபது வருடமாக அடுக்கி வைத்தது அத்தனையும் இருந்தது. சட்டைகள் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு வந்தன. கீழே மேட்டில் ஊர்ச்சனம் பாய் விரித்து உட்கார்ந்து, அருவிபோல இறங்கும் தண்ணீரையும் அதோடு இறங்கும் புரியாத பாஷையையும் கேட்டார்கள். ஹமூத் முடிந்தவரை அரபியில் சொன்னான். கிழவர் ஒருவர் தன் பெண்டாட்டியைப் பார்க்காமல் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறப்பு விருந்தினருக்கு அவர் நன்றி சொன்னபோது கேட்க விருந்தினர் இல்லை. பொன்னாடை எப்போது போனதென்று அவர் கவனிக்கவில்லை. பாறை ஈரம் காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது, அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், ஜெபக்கனி ஒருநாள் அவருக்காக ரயில்வே கேட்டில் காத்து நின்றது பற்றி.

இறங்கி வந்தவரைத் தலைவரும் கவிஞரும் தாங்கிப் பிடித்தார்கள். ஜெபக்கனி ஒரு கல்லின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தோசை கருகுனத நான் ஒண்ணும் உங்களுக்காகத் திங்கல. எனக்குக் கருகுனதுதான் பிடிக்கும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "மத்தது சரிதான்" என்றாள்.

தண்ணீர் ஒரு வீட்டையும் தொடாமல் ஓடையில் பரவி, பேரீச்ச மரங்களுக்கு அடியில் குட்டையாகத் தேங்கியது; கோடையிலும் வற்றவில்லை. அந்த ஊரில் அதுவரை கொசு கிடையாது. அடுத்த மாதத்திலிருந்து இருக்கிறது.